கொக்கும் உப்பும்

வேடந்தாங்கலில் அவருக்குப் பெயர் 'மிலிட்டரி'. 'மிலிட்டரி வீடு எது?' என்று கேட்டால், சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடும். அப்பா, அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. 24 வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு, 2003-ல் ஹவில்தாராக ஊர் திரும்பினார். மறுநாள் காலையில் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்ததும், 'மிலிட்டரிக்கு ஒரு டீ!' என்று கடைக்காரர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அதுவே பெயர்.

ஊருக்கு ஒரு மிலிட்டரி தமிழ்நாட்டில் எங்கும் உண்டு. வேலூர் பக்கம் கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் போனதால், ஊருக்கே 'ராணுவப்பேட்டை' என்று பெயர் வந்துவிட்டது.

ஆனால், பட்டாளத்துக்குள் ஒருவரை 'மிலிட்டரி' என்று கூப்பிட்டால் எல்லோரும்தானே திரும்பிப் பார்ப்பார்கள்? அங்கே அவருக்கு வேறு பெயர். கொக்கு.

அந்தப் பெயர் வந்தது 1979-ல், நீலகிரி வெலிங்டனில், மெட்ராஸ் ரெஜிமென்ட் பயிற்சி மையத்தில். பயிற்சி கொடுக்கிற உஸ்தாத், வரிசையில் நின்ற பையன்களிடம் ஒவ்வொருவராக ஊர் கேட்டுக்கொண்டே வந்தார். இவர் 'வேடந்தாங்கல்' என்று சொல்லி வாய் மூடவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவன், வகுப்பில் டீச்சருக்குப் பதில் சொல்வதுபோல, 'பறவைகள் சரணாலயம்!' என்று கத்தினான். வரிசையே சிரித்துவிட்டது. உஸ்தாத் சிரிக்கவில்லை. சிரித்த குற்றத்துக்கு எல்லோரும் ஒற்றைக்காலில் நிற்க வேண்டும் என்று உத்தரவு. மலைக்குளிரில் ஒவ்வொருவனாக ஆடி ஆடிக் காலை ஊன்றிவிட்டான். வேடந்தாங்கல்காரர் மட்டும் நெடுநெடுவென்ற உடம்போடு அசையாமல் நின்றார். கடைசியில் உஸ்தாதுக்கே உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. சாயங்காலம் சாப்பாட்டு லங்கருக்குப் போகும்போது, தட்டு கொடுத்தவனே 'வா கொக்கு' என்றான்.

பட்டாளத்துப் பட்டப்பெயருக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. நமக்கு நாமே வைத்துக்கொள்ள முடியாது. வைத்த பெயர் பிடிக்கவில்லை என்று முகம் சுளித்தால் அது இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் நாம் சொதப்பிய ஏதோ ஒரு நாள்தான் பெயராக நிலைக்கும். அவருடைய கம்பெனியில் 'டபுள்' என்று ஒருவர் இருந்தார், திருநெல்வேலிக்காரர். பரேடுக்குத் தினமும் தாமதமாக வந்து, தண்டனையாக மைதானத்தை 'டபுள் மார்ச்'சில் சுற்றியே பாதி சர்வீஸை முடித்தவர். 'அப்பளம்' என்று ஒருவர் இருந்தார். லங்கரில் முதல்முறை சப்பாத்தி போட்டபோது, அது அவர் கையில் அப்பளமாகத்தான் வந்தது.

சிப்பாய்களுக்கு மட்டும்தான் இந்த விதி என்று நினைக்க வேண்டாம். கரியப்பாவின் பெயர் வாயில் நுழையாமல், ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மனைவி 'கிப்பர்' என்று கூப்பிட ஆரம்பித்தார். பிற்காலத்தில் இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான பிறகும் நண்பர்களுக்கு அவர் கிப்பர்தான். திம்மையா 'டிம்மி' ஆனார். பத்மநாபன் 'பேடி' ஆனார். குன்னூரில் வாழ்ந்து 2008-ல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் கண்மூடிய மானெக்‌ஷாவின் கதை இன்னும் அழகு. அவர் ராணுவத் தலைவராக இருந்தபோது, ஒரு கூர்க்கா சிப்பாயிடம், 'என் பெயர் தெரியுமா?' என்று கேட்டாராம். அந்தச் சிப்பாய்க்குத் தெரிந்த உலகத்தில் ஆண்பிள்ளை என்றால் பெயரில் 'பகதூர்' இருந்தாக வேண்டும். 'சாம் பகதூர், சாப்!' என்று சொல்லிவிட்டார். பார்ஸி வீட்டுப் பிள்ளை அன்றோடு கூர்க்காவாகிவிட்டார்.

செங்கல்பட்டுக்காரர்களுக்கு இதில் சொந்தமாக ஒரு பெருமை உண்டு. 1986 முதல் 1988 வரை ராணுவத் தலைவராக இருந்த ஜெனரல் சுந்தர்ஜி பிறந்தது செங்கல்பட்டில்தான். சுந்தரராஜன் என்பதுதான் முழுப்பெயர். அதை யார் நினைவு வைத்திருக்கிறார்கள்?

வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு 'டாமி' என்று பொதுப்பெயர். அந்தப் பெயர் நம் தெருக்களில் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று சொல்லத் தேவையில்லை. நம் சிப்பாய்க்குக் கிடைத்த பொதுப்பெயர் அதைவிட எவ்வளவோ மேல். 'தம்பி'. மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆட்களுக்கும், பெங்களூரில் இருக்கிற மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆட்களுக்கும் ராணுவம் முழுக்க இதுதான் பெயர். பஞ்சாப்காரரும் 'தம்பி' என்பார், வங்காளத்துக்காரரும் 'தம்பி' என்பார். அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியன் என்ற சாப்பர், 1944 பிப்ரவரி 24-ஆம் தேதி இத்தாலியில் மிக்னானோ என்ற இடத்தில் கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்தார். கூட வந்தவர் ஒரு வெடியை மிதித்துவிட்டார். வெடிக்கச் சில நொடிகள்தான். சுப்பிரமணியன் அதன்மேல் குப்புற விழுந்து தன் உடம்பால் மூடிக்கொண்டார். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள். இறந்தபின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் பதக்கம் கொடுத்தார்கள். அன்று அந்த உடம்புக்குப் பின்னால் நின்றவர்களும் 'தம்பி'கள்தான்.

நம் மிலிட்டரிக்குப் பட்டப்பெயர் ஒன்றும் புதிதில்லை. அவர் பிறந்த ஊரே பட்டப்பெயர்களின் ஊர். ஏரியில் நீர்க்கடம்பு மரங்களின்மேல் கூடு கட்டுகிற பறவைகளின் பெயர்களைக் கவனித்தால் தெரியும். நத்தையைக் குத்தித் தின்பது நத்தை குத்தி நாரை. கரண்டிபோல அலகு இருந்தால் கரண்டிவாயன். அலகு அரிவாள்போல வளைந்திருந்தால் அரிவாள் மூக்கன். நீரில் உடம்பு மறைந்து பாம்புபோலக் கழுத்து மட்டும் தெரிந்தால் பாம்புத்தாரா. எல்லாம் ஒரு பாரக்கில் ஒன்றாகப் படுத்துத் தூங்கிய பயல்கள் ஒருவருக்கொருவர் வைத்த பெயர் மாதிரியே இல்லை?

பக்கத்து மதுராந்தகத்தில் சாமிக்கே அப்படியொரு பெயர். ஏரி உடையப்போன மழை இரவில் ராமரும் லட்சுமணரும் வில்லோடு கரையில் காவல் நின்றதைக் கலெக்டர் லயனல் பிளேஸ் கண்ணால் பார்த்தார் என்பது ஊர் சொல்லும் கதை. அதனால் அவர் 'ஏரி காத்த ராமர்'. சென்ட்ரி டியூட்டி பார்த்துப் பெயர் வாங்கிய சாமி என்று மிலிட்டரி சொல்லிச் சிரிப்பார். வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் முறையிடப் போனதும் இதே பிளேஸிடம்தான். ஏரிப் பறவைகளைக் காக்கும் உரிமையை ஏற்று, 1790-களின் கடைசியில் அவர் எழுத்து மூலம் உத்தரவு கொடுத்தார். சிப்பாய்களை விரட்டிய ஊரிலிருந்து ஒரு சிப்பாய்.

அவர் வாழ்க்கையில் மறக்கவே முடியாத பெயர் ஒன்று உண்டு. அது அவர் பெயர் இல்லை. உப்பு.

1986-ல் பட்டாலியன் லடாக்குக்குப் போனது. கம்பெனிக்குப் புதிதாக ஒரு பையன் வந்து சேர்ந்தான். கல்பாக்கம் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவன். அவனுக்கு முருகக் கடவுளின் பெயர். ஏற்கெனவே கம்பெனியில் அந்தப் பெயரில் நாலு பேர் இருந்தார்கள். கூர்க்கா ரெஜிமென்ட்டுகளில் இப்படி வந்தால் ராணுவ எண்ணின் கடைசி இலக்கங்களைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இவனுக்கும் அப்படியே ஆனது. முதல் மாதம் முழுக்க அவன் பெயர் 'நாற்பத்தேழு'.

பிறகு ஒருநாள் வண்டி பாங்காங் ஏரிக்கரையில் நின்றது. சுமார் 14,000 அடி உயரம். கண்ணுக்கு எட்டியவரை நீலம். நாற்பத்தேழு வண்டியிலிருந்து குதித்து ஓடினான். குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் விட்டான். அப்படியே நின்றான். பிறகு திரும்பி, 'டேய், கரிக்குதுடா! இது கடல்டா!' என்று கத்தினான். கண்ணில் தண்ணீர். வீட்டைவிட்டு வந்து அவன் பார்த்த முதல் உப்புத் தண்ணீர் அது. பாங்காங் உப்பு ஏரி என்று யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை.

'கட்டுமரம் எங்கடா?' என்று யாரோ கேட்டார்கள். ஒரே சிரிப்பு. அந்த நிமிஷத்திலிருந்து அவன் உப்பு.

ராணுவத்தில் 'நாம், நமக், நிஷான்' என்று ஒரு வாக்கியம் உண்டு. பெயர், உப்பு, கொடி. இந்த மூன்றுக்காகத்தான் சிப்பாய் உயிரைக் கொடுப்பான் என்று சொல்லிக்கொடுப்பார்கள். இந்தி தெரியாத நம் பையன்களுக்கு முதலில் அது 'நாம், நமக்கு' என்றுதான் காதில் விழும். கம்பெனி சுபேதார் இவனைக் காட்டிச் சொல்வார்: 'எல்லாருக்கும் நாம் வேற, நமக் வேற. இந்தப் பயலுக்கு ரெண்டும் ஒண்ணு.'

அந்தக் குளிர்காலத்தில் கொக்குக்கு உயரம் ஒத்துக்கொள்ளவில்லை. தலைவலி, வாந்தி, மூச்சு வாங்கல். கீழே கொண்டுபோனால்தான் பிழைப்பார். இரவு, பனிக்காற்று, வண்டி கிளம்ப வழியில்லை. விடிகிறவரை உப்பு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கண் சொருகும்போதெல்லாம் கன்னத்தில் அறைந்தான். 'கொக்கு, தூங்காத. கொக்கு, உங்க ஏரில எத்தினி கொக்கு இருக்குது, எண்ணு.' அவர் எண்ணினாராம். நூறுக்கு மேல் போனதும் எண் மறந்துபோய் மறுபடி ஒன்றிலிருந்து. விடிந்ததும் ஸ்ட்ரெச்சரின் முன்பக்கக் கைப்பிடியைப் பிடித்து, வண்டி வரை இறக்கியதும் அவன்தான்.

1988-ல் உப்பு வேறு பட்டாலியனுக்கு மாற்றலாகிப் போனான். செல்போன் இல்லாத காலம். இரண்டு பேருக்கும் கடுதாசி எழுதுகிற பழக்கமும் இல்லை. ஒரே மாவட்டம்தானே, எங்கே போய்விடப் போகிறான் என்ற நினைப்பு.

சுனாமி வந்த அடுத்த மாதம், 2005 ஜனவரியில், மிலிட்டரி சதுரங்கப்பட்டினம் பக்கம் போய்த் தேடினார். அந்தக் கடவுள் பெயரைச் சொன்னால், 'எந்த ஆளு? போட்டுக்காரரா, வலை பின்றவரா?' என்று கேட்டார்கள். 'உப்பு' என்றால் மளிகைக் கடையைக் காட்டினார்கள். அலைந்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

போன வருஷம் ஒரு காலை. மாவட்ட முன்னாள் ராணுவத்தினர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மரண அறிவிப்பு. எண், பதவி, அப்பா பெயரோடு சேர்த்து நீளமாக ஒரு பெயர், அவருக்குத் தெரியாத ஒரு பட்டாலியன். வெள்ளைத் தாடியோடு பருத்த முகம் ஒன்று போட்டோவில். நல்லடக்கம் மாலை 4 மணி. எல்லோரும் கும்பிடு போட்டிருந்தார்கள். மிலிட்டரியும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் டபுளிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. 'எலே கொக்கு, நம்ம உப்பு போய்ட்டாம்லா. நீ போனியா? உனக்குப் பக்கந்தானல?'

அவர் குரூப்பை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தார். அந்தப் போட்டோவுக்குக் கீழே 41 கும்பிடு. அதில் ஒன்று அவருடையது. சொந்தச் சகோதரனுக்குச் சமமானவனின் சாவுக்கு, யாரோ ஒருவருக்குப் போடுவதுபோலக் கும்பிடு போட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டியிருக்கிறார். அன்று முழுக்க அவர் யாரிடமும் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டதாக வீட்டம்மா சொல்கிறார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கிளம்பினார். படாளம் கூட்டு ரோட்டில் பஸ் ஏறி, செங்கல்பட்டில் இறங்கி மாறி, திருக்கழுக்குன்றம் வழியாகப் பயணம். கழுகு வந்து பிரசாதம் சாப்பிட்டுப் போகும் என்று ஒரு காலத்தில் கூட்டம் கூடிய மலை. கழுகுகள் வருவது நின்று பல வருஷமாகிறது. டச்சுக்காரர்களுக்குச் சதுரங்கப்பட்டினம் என்ற நீளமான பெயர் வாயில் நுழையாமல் 'சட்ராஸ்' ஆன ஊரில் இறங்கினார். கடற்கரையில் அவர்கள் கட்டிய கோட்டை இன்னும் நிற்கிறது. 2005-ல் நின்று விசாரித்த அதே டீக்கடையைத் தாண்டி மூன்றாவது வீடு.

அந்தக் குப்பத்தில் உப்புக்குப் பெயர் 'டெல்லி'. குப்பத்திலிருந்து டெல்லி வரைக்கும் போன முதல் ஆள் என்பதால். 'டெல்லி வீடு' என்று கேட்டிருந்தால் அன்றைக்கே காட்டியிருப்பார்கள்.

திண்ணையோரம் கருப்பு ட்ரங்க் பெட்டி இருந்தது. மேலே வெள்ளைப் பெயின்டில் ராணுவ எண். கடைசி இரண்டு இலக்கம் 47. அதைப் பார்த்ததும் மிலிட்டரிக்குக் கால் தளர்ந்துவிட்டது. அந்தப் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கார அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, எங்கேயிருந்து வருகிறார் என்று கேட்டார்.

'வேடந்தாங்கல்மா. லடாக்ல ஒண்ணா இருந்தோம்.'

அந்த அம்மா ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். 'அண்ணா... கொக்கு அண்ணனா நீங்க?'

அவருக்குப் பேச்சு வரவில்லை. அவருடைய பெயர் அந்த வீட்டில் பேரப்பிள்ளைகள் வரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பனியில் ராத்திரி முழுக்கக் கொக்கு எண்ணிய கதையைச் சொல்லித்தான் உப்பு பேரனைத் தூங்க வைப்பானாம். ஆனால் 'உப்பு' என்ற பெயர் அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. அடுத்தவன் பட்டப்பெயரின் கதையை ஆயிரம் முறை சொல்கிறவன், தன் கதையைச் சொல்லியிருக்கவில்லை. உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு அழுததை எந்த ஆண்பிள்ளை வீட்டில் சொல்வான்?

மிலிட்டரி சொன்னார். பாங்காங், ஒரு கை தண்ணீர், 'இது கடல்டா', கட்டுமரம். அந்த அம்மா சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாகி, மறுபடி சிரிப்பானது. 'ஊருக்கு வந்தா மொத வேலையா கடல்ல போயி வாய் கொப்புளிச்சிட்டுதாண்ணா வீட்டுக்குள்ள வரும். ஏன்னு கேட்டா சொல்லாது.'

பிறகு அந்த அம்மா ஒன்று சொன்னார். சில வருஷங்களுக்கு முன் பேரப்பிள்ளைகளை வேடந்தாங்கல் ஏரிக்குக் கூட்டிப் போனார்களாம். பிள்ளைகள் பைனாகுலரில் பறவை பார்த்துக்கொண்டிருக்க, உப்பு மட்டும் வெளியே டீக்கடையில் போய் நின்று, 'இங்க கொக்குன்னு ஒருத்தரு இருக்காரா?' என்று விசாரித்திருக்கிறான். கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'ஏரி பூரா கொக்குதான் சார்' என்று சொல்லியிருக்கிறார். பக்கத்தில் நின்ற நாலு பேர் சிரித்தார்களாம். உப்பும் சேர்ந்து சிரித்துவிட்டு, டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டானாம்.

மிலிட்டரி கடைசி பஸ் பிடித்து ஊர் வந்தபோது இருட்டிவிட்டது. அன்று ராத்திரியே குரூப்பில் ஒரு செய்தி போட்டார். இனிமேல் யார் தவறினாலும் பெயரோடு பட்டப்பெயரையும் போட வேண்டும், உயிரோடு இருக்கிறவர்கள் இப்போதே எழுதி வைக்க வேண்டும். விடிவதற்குள் எண்பதுக்கு மேல் பதில். 'ரேடியோ', 'நெத்திலி', 'ரெண்டு முட்டை', 'காந்தி', 'பஞ்சர்'. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. சில கதைகளை வீட்டில் பெண்கள் இருக்கும்போது வாய்ஸ் மெசேஜில் கேட்க முடியாது, அது வேறு விஷயம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, இடது பக்கம் ரேஷன் கார்டு பெயர், வலது பக்கம் மற்ற பெயர் என்று எழுதிக்கொண்டு வருகிறார். முதல் வரியில் உப்பு.

மறுநாள் காலையில் டீக்கடைக்குப் போனார். வழக்கம்போல, 'மிலிட்டரிக்கு ஒரு டீ' என்று குரல். கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

'தம்பி, என்னிக்காவது யாராவது கொக்குன்னு ஒருத்தரத் தேடிட்டு வந்தா...'

'ஏரி பூரா...' என்று கடைக்காரர் ஆரம்பித்தார்.

'எங்க வூட்டக் காட்டு' என்றார் மிலிட்டரி.